‘நம்’ என்றால் யார் யார்?

சாயா வருவதற்குள் அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பெஞ்சில் பிரித்து வைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைத் துண்டு. ஒரு பக்கம் வெள்ளையடித்த வழவழப்பு. புரட்டினால் மறுபக்கம், கம்பி படுத்திருந்த தடம் செங்காவி நிறத்தில் நெடுக ஓடியது. விரலால் தடவினார், துரு மாவாக ஒட்டிக்கொண்டது.

“நேத்து ராத்திரி பேரன் படுக்கப் பாய்ல விழுந்து கெடந்து. பய அந்நேரம் டிவி பாத்துக்கிட்டு இருந்ததால தப்பிச்சான்” என்றார். “இனி இத ஒட்டவச்சு என்னத்துக்காக்கும்? மொத்தமா இடிச்சுப்போட்டுப் புதுசா கெட்டித் தரச் சொல்லணும். நீரு எழுதுத ஆளுல்லா, சொல்லும்.”

சுசீந்திரம் தெப்பக்குளத்துப் பக்கத்துச் சாயாக்கடையில் இந்தக் கேள்விக்கு ஒரு சாயாவில் பதில் சொல்லிவிட முடியாது. இரண்டாவதுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். அன்று அவரிடம் சொன்னதும், சொல்ல விட்டுப்போனதும்தான் இது.

அண்ணாச்சி இருப்பது தொகுப்பு வீட்டில். 1985-ல் மத்திய அரசு இந்திரா ஆவாஸ் யோஜனாவைத் தொடங்கியது. 2016-ல் அது பிரதமர் பெயரிலான வீட்டுத் திட்டமாக மாறியது. மாநில அரசின் திட்டங்கள் தனி. 1997-ல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் அதில் ஒன்று, ஒவ்வொன்றிலும் 100 வீடு. எந்தத் திட்டத்தில் வந்தாலும் ஊர் வாயில் அதற்குப் பெயர் தொகுப்பு வீடு, இருக்கும் இடத்துக்குப் பெயர் காலனி. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சாயாக்கடைக்கு அந்த அறிவிப்பு இன்னும் வந்து சேரவில்லை.

இந்த வீடுகள் எங்கே நிற்கின்றன என்பதும் கதையில் சேர்த்திதான். தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் நடக்கும் உரிமை கேட்டு 1926-ல் இதே ஊரில் சத்தியாகிரகம் நடந்தது. திருவிதாங்கூரின் கோயில் நுழைவுப் பிரகடனம் வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெருவில் நடக்கவே இவ்வளவு பாடு என்றால், வீடு கட்ட இடம் ரதவீதியிலா கிடைக்கும்? வயலோரம், ஓடையோரம், மழைக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளம் என்றுதான் பெரும்பாலும் கிடைத்தது. அஸ்திவாரத்தில் ஏறும் ஈரத்துக்கு அதுவே முதல் காரணம்.

காரை ஏன் விழுகிறது? சிமென்டின் தரம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி சரி. நல்ல கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை உண்டு. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே கிடக்கும் கம்பியில் துரு ஏறாது. வருடங்கள் போகப்போகக் காற்றிலுள்ள கரியமில வாயு ஈரத்தோடு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. உப்பு சேர்ந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். பழையாறு இங்கிருந்து போய் மணக்குடியில் கடலில் சேர்கிறது. உப்புக் காற்று அதே வழியாகத் திரும்பி வருகிறது. போதாக்குறைக்கு, குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மற்ற ஊர் மொட்டைமாடி, எங்கள் பேச்சில் மட்டுப்பா, ஆண்டுக்கு ஒருமுறை நனைந்தால் நம்முடையது இரண்டுமுறை ஊறும்.

துரு என்பது இரும்பைவிடப் பருமனானது. இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் ஏது இடம்? கம்பி உப்பி, கீழே மூடியிருக்கும் காரையை நெட்டித் தள்ளுகிறது. அந்த மூடுகாரையைத்தான் கொத்தனார்கள் ‘கவர்’ என்பார்கள். இந்தியத் தர விதிப்படி சாதாரணச் சூழலுக்குக் கவர் 20 மில்லிமீட்டராவது வேண்டும், கடுமையான சூழலுக்கு 45. வார்ப்பு நாளில் கம்பிக்கு அடியில் கவர் கட்டை வைக்க மறந்து, கம்பி பலகையிலேயே படுத்துவிட்டால் கவர் என்று ஒன்றும் மிஞ்சாது. அண்ணாச்சியின் துண்டை நகத்தால் அளந்து பார்த்தேன். கம்பித் தடத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் கனம்கூட இல்லை.

விழுந்தது தெரிகிறது, இனி எது விழும் என்று எப்படித் தெரியும்? அதற்கு யந்திரம் வேண்டாம். துடைப்பக் கட்டையின் அடிமுனையால் கூரையைச் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போக வேண்டும். உறுதியான இடம் ‘டக்’ என்று கல்லாகப் பேசும். உள்ளே விட்டுப்போன இடம் ‘பொதக்’ என்று பறைபோல் பேசும். நம் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிக் காதுவைத்துக் கேட்டு வளர்ந்தவர்கள். கல்லின் குரலை அறிந்தவருக்குக் காரையின் குரல் பிடிபடாதா!

தட்டிப் பார்க்காமல் செய்யும் பழுதுபார்ப்பை நானே பார்த்திருக்கிறேன். வேண்டப்பட்டவர் ஒருவர் வீட்டில், விழுந்த இடத்தை மட்டும் சிமென்டால் அடைத்து, பட்டி பார்த்து, வெள்ளையடித்துப் போனார்கள். ஒட்டிய காரை துருவின் மேல் ஒட்டியிருந்தது; இரண்டு மழைக்குள் பக்கத்து இடத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. சரியான முறை அலுப்பானது. விட்டுப்போன காரையை எல்லாம், கம்பிக்குப் பின்னால் விரல் போகுமளவு, கொத்தி எடுக்க வேண்டும். கம்பியில் துருவைக் கம்பித்தூரிகையால் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். கரைந்து மெலிந்த கம்பியென்றால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். துருத்தடுப்புப் பூச்சு, பிறகு ஒட்டுப்பசை கலந்த காரை. அதற்கும் முன்னால், மேலே தண்ணீர் கட்டி நிற்காமல் மட்டுப்பாவைச் சாய்வாக்கி, தண்ணீர் விழும் குழாய்வாயை அடைப்பெடுக்க வேண்டும். மேலே ஒழுகும்போது கீழே பூசுவது காய்ச்சல்காரனுக்குச் சந்தனம் பூசுவதுதான்.

“இவ்வளவு பாட்டுக்கு இடிச்சிரலாம்லா?” அண்ணாச்சி விடுவதாக இல்லை.

சில இடங்களில் இடிக்கத்தான் வேண்டும். ஆனால் இடிப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை மதிப்பீட்டில் எழுதமாட்டார்கள். புதுக்கட்டடம் வரும்வரை எங்கே இருப்பது? சென்னையில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது இடம்பெயரும் குடும்பத்துக்குக் கொடுக்கும் கருணைத் தொகை முன்பு 8,000 ரூபாய். பிறகு 24,000 ஆக்கினார்கள். வேலை பதினெட்டு மாதம் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய். அந்த வாடகைக்குச் சென்னையில் வீடு காட்டுகிறவர் யாராவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். புதியது என்பதற்காக உறுதி என்றும் இல்லை. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புத்தம்புதிய அடுக்குமாடிச் சுவரை மக்கள் விரலால் சுரண்டிக் காட்டினார்கள், பூச்சு உதிர்ந்தது, பிறகுதான் ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கூப்பிட்டு ஆய்வு செய்யச் சொன்னார்கள்.

இடிக்காமலும், ஆளைக் கிளப்பாமலும் செய்ய முடியுமா என்பதற்குப் பிரான்சில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. போர்தோ நகரின் கிராண்ட் பார்க் குடியிருப்பு 1960-களில் எழும்பிய மூன்று பெரிய கட்டடங்கள், 530 வீடுகள். லகாதோன், வஸ்ஸால் என்ற இரு கட்டடக் கலைஞர்களும் இன்னும் இருவரும் சேர்ந்து, வீட்டுக்குள் இருந்தவர்கள் இருந்தபடியே, வெளிச்சுவரில் சன்னலைப் பெயர்த்துவிட்டு ஏறக்குறைய 3.8 மீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடித் தாழ்வாரம் ஒன்றை ஒவ்வொரு மாடிக்கும் வெளியிலிருந்து ஒட்டவைத்தார்கள். பழைய கட்டடம் அதே இடத்தில் நின்றது, அதே கிழவி அதே அடுப்பில் சமைத்தாள், ஆனால் அவளுக்கு ஒரு திண்ணை கிடைத்தது. 2017-ல் முடிந்த அந்த வேலைக்கு 2019-ல் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ விருது. 2021-ல் அந்த இருவருக்கும் பிரிட்ஸ்கர் பரிசு.

அண்ணாச்சி ரசவடையைப் பிட்டுக்கொண்டே, “அங்க கேட்டுச் செஞ்சானுவோ. இங்க யாரு கேக்கா?” என்றார். விஷயம் அங்கேதான் வந்து நிற்கிறது.

2021 டிசம்பர் 27. சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993-ல் கட்டிய வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக்கில் 24 வீடுகள் சரிந்து மண்ணாயின. ஒரு உயிர்கூடப் போகவில்லை. காரணம், விரிசல் விரிவதைக் குடியிருந்தவர்களே பார்த்து, ஒருவரையொருவர் கூவி அழைத்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு லட்ச ரூபாய் என்று அரசு அறிவித்த நிவாரணம் பிறகு வந்தது. அந்தக் கட்டடத்தின் உடல்நிலை அன்று யாருக்குத் தெரிந்திருந்தது? அதற்குள் தூங்கி எழுந்தவர்களுக்கு. எந்தக் கதவு போன மாதத்திலிருந்து இறுக்குகிறது, எந்தக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டு அடுக்களையில் சொட்டுகிறது, எந்தச் சுவர் மார்கழியிலும் வியர்க்கிறது என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. பழுதுபார்ப்பில் மக்களைச் சேர்த்துக்கொள்வது ஏதோ பெருந்தன்மை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சிக்கனமாகத் தோன்றுகிறது. கட்டடத்தின் பாதி மருத்துவக் குறிப்பு அவர்கள் வாயில் இருக்கும்போது, கேட்காமல் வைத்தியம் பார்ப்பவர் காசைத்தான் கரைக்கிறார்.

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதன்பின் வந்த திட்டம் ஒன்றுக்கு ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்று பெயர். ஒவ்வொரு குடியிருப்பிலும் நலச்சங்கம் அமைத்து, மாதப் பராமரிப்புத் தொகை திரட்ட வேண்டும். திரண்ட தொகைக்கு இணையாக அரசும் போடும். லிப்ட், மோட்டார், பொது விளக்கு, துப்புரவு எல்லாம் சங்கத்தின் கையில். யோசனை நல்லது. பெயர் அதைவிட நல்லது, ஏனென்றால் தமிழில் ‘நம்’ என்ற சொல் ஏமாற்றாது. ‘எங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. ‘உங்கள்’ என்றால் சொல்பவர் வெளியே. ‘நம்’ என்றால் சொல்பவரும் கேட்பவரும் இரண்டுபேரும் உள்ளே. அரசு அந்தப் பெயரை வைத்திருக்கிறது என்றால் அரசும் அந்த ‘நம்’முக்குள் நின்றாக வேண்டும். மாதம் ஐந்நூறு மிச்சம் பிடிக்கவே திணறும் வீட்டில் பராமரிப்புக்குத் தண்டல் செய்துவிட்டு, துருப்பிடித்த கம்பியையும் அவர்கள் தலையிலேயே கட்டினால், சொல்லை ‘உங்கள்’ என்று மாற்றிக்கொள்வதுதான் நேர்மை.

யார் எதற்குக் கொடுப்பது என்பதைச் சிங்கப்பூர்க்காரர்கள் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். அங்கே நம்மவர்களும் நிறையப் பேர் வாழும் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குவீடுகளிலும் இதே காரை உதிரும் வியாதி உண்டு. 2007-லிருந்து இல்ல மேம்பாட்டுத் திட்டம் நடக்கிறது. உதிர்ந்த கான்கிரீட், கட்டமைப்பு விரிசல், பழைய கழிவுக்குழாய் ஆகியவை அத்தியாவசிய வேலை. குடியுரிமை உள்ளவருக்கு முழுச் செலவும் அரசுடையது. குளியலறையைப் புதுப்பிப்பது, கதவு மாற்றுவது விருப்பவேலை. அதற்கு வீட்டின் அளவைப் பொறுத்து ஒரு சிறு பங்கு மட்டும் வீட்டார் தருவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பிளாக்கில் வாக்கெடுப்பு: தகுதியுள்ள வீட்டாரில் 75 சதவீதம் பேர் சரி என்றால்தான் வேலை தொடங்கும். எலும்பு அரசுக்கு, அலங்காரம் பகிர்வுக்கு, முடிவு வீட்டாருக்கு. அந்த வாக்குக்குக் கனம் எங்கிருந்து வந்தது என்றால், அவர்களில் பெரும்பாலோர் 99 ஆண்டுக் குத்தகையில் வீட்டைத் தங்கள் பெயரில் வைத்திருப்பவர்கள்.

இங்கே கூட்டம் எப்படி நடக்கும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. ஊர், துறை எதுவும் வேண்டாம். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். போனதும் பதிவேட்டில் கையெழுத்து, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். பேச்சு முடியும்போது ஒரு தீர்மானத்தை வாசித்தார்கள். தாள் ஏற்கெனவே டைப் அடித்து வந்திருந்தது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். அடியிலுள்ள இரண்டு படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் வைக்கவில்லை. எங்கள் பிஸ்கட் பாக்கெட் அந்த இரண்டில் ஒன்றில்தான் நின்றது.

சரி, உண்மையாகவே சேர்ந்து செய்வது கையில் எப்படி இருக்கும்? அண்ணாச்சிக்கு நான் சொன்னது ஒரு டேப்பை வைத்து. ஓவர்சியர் வந்து வேலையை அளப்பார், அளந்ததை அளவுப் புத்தகத்தில், எம்-புக் என்பார்களே அதில், எழுதுவார், அதன்படிதான் பில். அளக்கும் டேப்பின் ஒரு முனை ஓவர்சியர் கையில். மறுமுனை யார் கையில்? வழக்கமாகக் கான்ட்ராக்டரின் ஆள். அந்த மறுமுனையை வீட்டுக்காரர் பிடிக்கட்டும், வீட்டுக்கார அம்மா பிடித்தால் இன்னும் நல்லது. பத்துச் சதுர அடி கொத்தியதைப் பதினாறு என்று எழுத அவள் நிற்கும் இடத்தில் கை கூசும்.

வேலையின் வரிசையும் அப்படியே. மேலதிகாரிகளுக்கு முதலில் கண்ணில் படுவது வெளிச்சுவர் வண்ணம், நுழைவு வளைவு. குடியிருப்பவர்களைக் கேட்டால் கழிவுத்தொட்டிக்குப் போகும் குழாய் என்பார்கள். வரைபடத்தில் இல்லாத ஒன்றையும் காட்டுவார்கள்: மகன் கல்யாணத்துக்கு இழுத்துக் கட்டிய ஓட்டுச் சாய்ப்பு. அதைக் கணக்கில் எடுக்காமல் வடிகால் வெட்டினால் வேலை இரண்டாம் நாளே நிற்கும்.

இதற்கெல்லாம் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்சூளை காலனிக்கு வீடு வரைந்தவர். 1985-ல் அவரும் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன் போன்றவர்களும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்போர்டு அமைப்பு பின்னாளில் கரிமடம் காலனியை அங்குள்ளவர்களோடு பேசிப்பேசி மறுகட்டுமானம் செய்தது. செங்கலைப் பூசாமல் விடுவது அவர்கள் வழக்கம். பூசினால்தானே உதிரும்!

இனி அண்ணாச்சியின் விஷயத்துக்கு வருவோம். 2024-ல் தமிழக அரசு, 2000-01-க்கு முன் கட்டிய ஊரக அரசு வீடுகளில் இரண்டரை லட்சம் வீடுகளை இரண்டு ஆண்டில் 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்ப்பதாக அறிவித்தது. வகுத்தால் சராசரியாக வீட்டுக்கு 80,000. அதே ஆண்டு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் புதுவீட்டுக்கு மூன்றரை லட்சம். ஒரு புதுவீட்டுப் பணத்தில் நாலு பழைய கூரையைக் காப்பாற்றலாம் என்பது மனக்கணக்கிலேயே வருகிறது. “அப்ப நமக்குக் கிட்டுமா?” என்றார் உடனே.

அங்கேதான் முட்டுக்கட்டை. அது ஊரக வளர்ச்சித் துறைத் திட்டம், ஊராட்சிகளுக்கானது. சுசீந்திரம் பேரூராட்சி. குமரி மாவட்டத்தில் ஏறக்குறைய ஐம்பது பேரூராட்சிகள். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை கிடையாது. வயலும் வாய்க்காலுமாக இருந்தாலும் காகிதத்தில் நகரம். நகர்ப்புறத்துக்கான பிரதமர் வீட்டுத் திட்டத்தில், சொந்த இடத்தில் புதிதாகக் கட்ட மத்திய அரசு ஒன்றரை லட்சம் தருகிறது. கம்பித் துருவை எடுக்க அதில் தனித் தலைப்பு இல்லை. எல்லைக்கல்லுக்கு அந்தப்பக்கம் விழும் காரைக்குத் திட்டம் உண்டு, இந்தப்பக்கம் விழுவதற்குப் பெயரே இல்லை. பழுதுபார்க்கும் திட்டத்தைப் பேரூராட்சிகளுக்கும் நீட்டுங்கள் என்பதுதான் குமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை. சட்டமன்ற உறுப்பினரிடமும் பேரூராட்சி மன்றத்திலும் தனித்தனி மனுவாகக் கொடுப்பதைவிட, தெருமொத்தமும் ஒரே மனுவாகக் கொடுத்தால் எடை வேறு.

மனுவுக்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, பட்டா. ஒதுக்கீடு அப்பா பெயரில் இருக்கும், அப்பா போய் வருடங்கள் ஆகியிருக்கும், மூன்று மகன்களும் பெயர் மாற்றாமல் இருப்பார்கள். எந்தத் திட்டம் வந்தாலும் பட்டியலிலிருந்து முதலில் விழுவது அந்த வீடுதான். வாரிசுச் சான்றை இப்போதே வாங்கிவையுங்கள்.

இரண்டாவது, சாட்சி. “விரிசல் பெரிசாகுது” என்று வாயால் சொன்னால் அலுவலகத்தில் தலையாட்டுவார்கள். விரிசல் எங்கே முடிகிறதோ அந்த முனையில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் முதல் தேதி பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் புதுக் கோடு, புதுத் தேதி. துடைப்பக் கட்டையால் தட்டி, ‘பொதக்’ என்று கேட்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். அதற்குக் கீழே யாரையும் படுக்கவைக்காதீர்கள். நாலைந்து மாதம் ஆனால், எந்தப் பொறியாளரும் தள்ளிவிட முடியாத ஒரு பதிவேடு உங்கள் கூரையிலேயே எழுதியிருக்கும். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

அண்ணாச்சி காரைத் துண்டை மறுபடி பொட்டலமாகக் கட்டிக்கொண்டார். எறியவேண்டாம், அதுவும் சாட்சிதான் என்று நான்தான் சொன்னேன். வழியில் பெட்டிக்கடையில் ஒரு சாக்பீஸ் வாங்கப் பார்த்தார்.

சாக்பீஸ் வேண்டாம், ஈரத்தில் அழிந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள்.